கொத்தனார் ட்யூப்பும் மூன்று மெஷின்களும்

லேப் வேலை என்றால் வெள்ளைக் கோட்டு, கலர் தண்ணீர், புகை என்று நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முக்கால்வாசி நேரம் பாத்திரம் கழுவுவதுதான். கல்யாண மண்டபத்தில் கழுவினால் சாப்பாடாவது போடுவார்கள். விரல் நுனி அளவு பாட்டிலை மூன்று தடவை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதற்கப்புறமும் திட்டு வாங்கிய ஆளா நீங்கள்? அப்போது நீங்கள் நம்ம ஜாதி. மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கிற இடத்தில் மட்டும் சிரியுங்கள்.

நான் பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டவள். காலேஜ் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். இன்னும் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான், இதில் சோகக்கதை எதுவும் கிடையாது. அப்பா கொத்தனார். அரியமங்கலத்தில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் அவர் பூசின ஒரு கட்டிடத்தின் மாடியில் அந்த லேப் வந்தது. ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஒன்றேகால் வருஷம் இருந்தேன். இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதும் இதிலேயே வரும்.

சம்பந்தி வீட்டு முறை

லேப்பில் மொத்தமே மூன்று பேர். கையெழுத்துப் போடுகிற டைரக்டர் சார், மெஷின் ஓட்டுகிற கலைவாணி அக்கா, மீதி எல்லாவற்றையும் செய்கிற நான். அக்காவுக்கு இருபத்தேழு வயசு. கேள்வி கேட்டால் பிடிக்காது. அதனால் எந்த மெஷின் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பார்க்க விட்டிருந்தால் கெமிஸ்ட்ரியில் நாற்பத்தொன்று வாங்கியிருக்கமாட்டேன்.

மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு ரைஸ் மில்காரர் அரிசி கொண்டுவந்தார். பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி அரிசிக்குப் பில்லில் எதற்கு மூன்று மெஷின் பேர் எழுதியிருக்கிறது என்று சண்டை பிடித்தார். அக்கா சாப்பிடப் போயிருந்ததால் நானே விளக்கினேன். கல்யாண மண்டபத்தில் ஒரே கூட்டம், அதில் வேண்டாத ஆள் ஒருத்தர் புகுந்துவிட்டார் என்று வையுங்கள். எல்.சி. என்கிற குரோமட்டோகிராஃபி மெஷின் மண்டபத்து வாசல். கூட்டத்தை ஒவ்வொருத்தராக வெளியே விடும். மாஸ் மெஷின் அந்த வாசலில் போட்ட எடை மேடை. வருகிறவரை நிறுத்துப் பார்க்கும். ஆனால் ஒரே எடையில் நாலு பேர் இருப்பார்களே? அதற்குத்தான் மூன்றாவது, என்.எம்.ஆர். அது ஆளை உட்காரவைத்து உன் பக்கத்தில் யார், அவருக்குப் பக்கத்தில் யார் என்று விசாரித்து மொத்தக் குடும்பத்தையும் படமாகப் போட்டுவிடும். மூன்றும் ஒத்துப்போனால்தான் இன்னார் என்று அடித்துச் சொல்லலாம்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இத எங்க சம்பந்தி வீட்டுல மெசினே இல்லாம ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாங்களேம்மா."

சட்டில்காக் டப்பா

மூன்றாவது மெஷின் எங்களிடம் கிடையாது. அதை வாங்குவதற்கு அந்த மாடியையும் கீழே இருக்கிற பட்டறைகளையும் சேர்த்து விற்றாலும் போதாது என்று அக்கா சொல்வாள். காவிரிப் பாலம் தாண்டி ஒரு கல்லூரியில் இருந்தது. அங்கே சாம்பிளைக் கொண்டுபோய்க் கொடுத்து, படத்தை வாங்கிவருவது என் வேலை. சாம்பிள் போகிற குழாய் பென்சிலைவிட ஒல்லி, ஒரு சாண் நீளம், சுத்தமான கண்ணாடி. மூச்சுவிட்டால் உடைந்துவிடும் போல இருக்கும். அதைச் சட்டில்காக் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து நிறுத்தி, அரியமங்கலத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கேயிருந்து ஸ்ரீரங்கம் பஸ் என்று இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோவேன்.

காலை எட்டரை மணிக்கு அந்த பஸ்களில் ஏறியவர்களுக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு கையாலும் டப்பாவைச் செங்குத்தாக நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், பாதத்தை மட்டும் அகட்டி நிற்பேன். ஒரு அம்மா அதைச் சமயபுரத்துத் தீர்த்தம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை, உட்கார்ந்துகொண்டேன். ஆனால் கண்டக்டர் ஏமாறுகிற ஆள் இல்லை. தினமும் பார்க்கிறார். காந்தி மார்க்கெட் திருப்பத்தில் நான் ஒரு ஆட்டம் ஆடி நின்றதும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்:

"கம்பியப் புடி தங்கச்சி. டப்பா உடைஞ்சா உங்க ஆபீசு வேற தரும், பல்லு உடைஞ்சா யாரு தருவா?"

திருமஞ்சனம்

அந்தக் கல்லூரியில் என்.எம்.ஆர். பார்க்கிறவர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண், பேச்சில் பாதி பெருமாள். மெஷின் பார்ப்பதற்குப் பெரிய எவர்சில்வர் டிரம் மாதிரி இருக்கும், உள்ளே பயங்கரமான காந்தம். அறை வாசலில் ஒரு மரத்தட்டு. போன், வாட்ச், சாவி, பஸ் பாஸ் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவார்கள். வெள்ளைப் புகை தரை வரைக்கும் வழியும். அன்றைக்குப் போனால் சார் கையைக் காட்டி நிறுத்திவிடுவார், பெருமாளுக்குத் திருமஞ்சனம் நடக்கிறது, அரைமணி உட்கார் என்பார். கிண்டலா பக்தியா என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அரைமணி உட்காருவது ஆகாது. ஒரு நாள் புகை அடங்கியதும் நானாக உள்ளே போய், அந்த டிரம்முக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். தலையில் யாரோ சுண்டி இழுத்தது போல இருந்தது. காதோரம் குத்தியிருந்த ஊசி விர்ரென்று கழன்று மெஷினின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொண்டது. சார் கத்துவார் என்று நினைத்தேன். மர ஸ்கேலால் மெதுவாகத் தள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்:

"சேவிச்சாச்சோன்னோ, கெளம்பு. ஊசியெல்லாம் இவர் கேக்கலை."

அப்பா பையிலிருந்து

சால்வென்ட் என்று ஒன்று இருக்கிறது, சாம்பிளைக் கரைத்துப் பிரித்து எடுக்கிற திரவம். கண்ணாடி பாட்டிலில் வந்துகொண்டிருந்ததை டைரக்டர் சார் சிக்கனமாக இருபது லிட்டர் டின்னுக்கு மாற்றினார். அந்த டின்னைச் சாய்த்துச் சின்ன பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள், தெரியும். பாதி மேஜைக்கு, கால் என் சுடிதாருக்கு, மீதிதான் பாட்டிலுக்கு. ஒவ்வொரு தடவையும் அக்காவிடம் பாட்டு.

ஒரு நாள் அப்பாவின் வேலைப் பையில் மட்டம் பார்க்கிற ட்யூப்பைப் பார்த்தேன். தண்ணீர் ரொப்பி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உயரம் சரிபார்ப்பார்களே, அந்தத் தெளிவான பிளாஸ்டிக் குழாய். புதுசு. மெத்து மெத்தென்று தண்ணீர்ப் பாம்பு மாதிரி வளைந்தது. இரண்டு முழம் வெட்டிக்கொண்டேன். ஒரு முனையை டின்னுக்குள் விட்டு, ஒரு சின்ன ரப்பர் பம்ப்பை அமுக்கினால் சால்வென்ட் தானாக இறங்கி வந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. கழுவுகிற வேலைக்கு வந்தவள் லேப்புக்கே ஒரு வசதி செய்துகொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வந்து பார்த்தாள். ஒன்றேகால் வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான், அதனால் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது:

"பரவால்ல, உனக்கும் மூள இருக்கு."

ஒயர் கூடையில் எண்ணெய்

ராஜாத்தி அம்மா காட்டூர்க்காரர். வீட்டுப் பின்கட்டில் எட்டுப் பெண்களை வைத்துக்கொண்டு செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, மருதாணி, வெந்தயம் போட்டுத் தலைக்கு எண்ணெய் காய்ச்சி விற்கிறவர். வெளிநாட்டுக் கடை ஒன்று மொத்தமாக எடுக்கத் தயாராக இருந்தது, ஆனால் லேப் ரிப்போர்ட் கேட்டது. அதற்காக முதல் தடவையாக நூற்றுக்கணக்கான பாட்டில்களுக்கு ஆகிற மாதிரி ஒரே ஈடாகக் காய்ச்சி வைத்துவிட்டு, இரண்டு கண்ணாடி பாட்டிலை ஒயர் கூடையில் கொண்டுவந்தார். ஒன்றைச் சோதிக்கவும், ஒன்றை வைத்திருக்கவும். அவர் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் லேப் முழுக்க மருதாணியும் வெந்தயமும் மணந்தது.

எல்.சி.யில் எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு கோடு உயரமாக எழுந்து நின்றது. மாஸ் அதன் எடையைச் சொன்னது. நான் இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோன குழாயை ரங்கராஜன் சார் மெஷினில் போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஒத்துப்போனது. பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்குவதற்குச் சேர்க்கிற ஒரு பொருள். டைரக்டர் சார் ராஜாத்தி அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். வெண்கல உருளி, மரக்கரண்டி, துணி வடிகட்டி, எவர்சில்வர் கேன், கண்ணாடி பாட்டில், இவ்வளவுதான் தன்னிடம் இருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். சார் மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். அந்த எண்ணெயை விளக்கெரிக்கக்கூட யாருக்கும் கொடுக்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டிக் கொட்டிவிடுகிறேன், அந்த எட்டுப் பேரையும் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்றார் அந்த அம்மா. அழவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பிச் சொன்னார்:

"மூணு மெசினும் ஒண்ணா சொல்றப்ப, இல்லன்னு சொல்ல நான் யாருங்க?"

குங்குமத்திலும் அவர்களே

சனிக்கிழமை காலையில் சமயபுரத்துக் கடைக்காரர் ஒருத்தரின் குங்குமத்தை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். அதில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ரங்கராஜன் சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு ஜோடிக் கோடுகள். இது என்ன குழந்தே, போன தடவை எண்ணெயிலும் அவாளே, இன்றைக்குக் குங்குமத்திலும் அவாளே வந்து உட்கார்ந்திருக்கிறாளே, உங்கள் லேப்பிலிருந்து யார் வந்தாலும் இவா கூடவே வருவாளா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு டின்னும் ட்யூப்பும் ஞாபகத்துக்கு வந்தன.

திரும்பி வந்து நேராகச் சால்வென்ட் டின் இருந்த பின்னறைக்குப் போனேன். ட்யூப்பைத் தொட்டேன். பாம்பு மாதிரி வளைந்தது இப்போது விறைத்துப்போய்க் குச்சி மாதிரி நின்றது. மடக்கினால் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த மெத்தென்று இருந்தது எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சால்வென்டில் கரைந்து இறங்கியிருக்கிறது. சால்வென்ட் ஆவியாகப் போனாலும் அது போகாது, அடியில் தங்கிவிடும்.

நீங்கள் கேட்கலாம், வெறும் சால்வென்டை முதலில் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லையா என்று. இருக்கிறது. பிளாங்க் என்று பெயர். சால்வென்ட் சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. அதை ரொப்பி வைப்பதும் என் வேலைதான். பின்னறைக்கு நடக்கச் சோம்பல்பட்டு, மெஷின் பக்கத்திலேயே மிச்சமிருந்த பழைய கண்ணாடி பாட்டிலிலிருந்து ஊற்றிவந்தேன். சாட்சி பழைய பாட்டில் வீடு, சாம்பிள் டின் வீடு. சாட்சி சுத்தமாகத்தானே இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். ட்யூப்பைச் சுருட்டிக் கீழே பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். டின் பக்கத்தில் உட்கார்ந்தேதான் யோசித்தேன். அப்புறம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. ட்யூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அக்காவின் கீபோர்டு மேல் வைத்துச் சொன்னேன். அவள் ட்யூப் வழியாக வந்த வெறும் சால்வென்டை ஓட்டினாள். அதே இடத்தில் அதே கோடு, திரை கொள்ளாமல். பிறகு ராஜாத்தி அம்மா வைத்துவிட்டுப்போன இரண்டாவது பாட்டிலை எடுத்து, கண்ணாடி வழியாகவே ஊற்றிய சால்வென்டில் பிரித்து ஓட்டினாள். அந்த இடம் மொட்டையாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"உனக்கு மூள இருக்குன்னு நான் ஒரு தடவ சொன்னேன்ல, அந்த ரிப்போர்ட்டும் தப்புன்னு எழுதிக்க."

கவிழ்த்து வைத்த உருளி

டைரக்டர் சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ராஜாத்தி அம்மாவுக்கு அவரும் அக்காவும் மாற்றி மாற்றிப் போன் போட்டார்கள், அவர் எடுக்கவில்லை. ரிப்போர்ட்டை நான் திருத்திக் கொடுக்கிறேன், ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டியது நீதான் என்றார் சார். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் காட்டூர் போனேன். கையில் டப்பா இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பின்கட்டில் உருளி கவிழ்த்துக் கிடந்தது. சுவரோரம் எண்ணெய்க் கேன்கள் வரிசையாக, எல்லாம் எவர்சில்வர். கொல்லையில் ராஜாத்தி அம்மா தனியாக நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ட்யூப், டின், சோம்பல், ஒரு மணி நேரம் யோசித்தது, எதையும் விடவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு குழியைவிட்டு ஏறி, மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கொத்தனார் மகள், எனக்கு மண் தள்ளச் சொல்லித்தர வேண்டாம். மூடி, மிதித்து, சமப்படுத்தி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அவர் ஒரு சொம்பு மோரும் ஒரு வெள்ளைத்தாளும் கொண்டுவந்தார். லேப்பிலிருந்து வருகிற ரிப்போர்ட் வரட்டும், நடந்ததை நடந்தபடி நீ எழுதிக்கொடு, கடைக்காரனுக்கு அதையும் சேர்த்து அனுப்புவேன் என்றார். நடந்தபடியே எழுதினேன். கொத்தனார் ட்யூப்பை வைத்தது சத்யாவாகிய நான் என்று பெயர், ஊர் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் பேனாவை வாங்கி, என் பெயரை மட்டும் மை ஒழுக அடித்தார்:

"ட்யூப்புன்னு போட்டா போதும். உன் பேரு எதுக்கு இதுல, நீ நாளைக்கு இன்னொரு எடத்துல வேலைக்குப் போகணும்ல."

அந்த மாசக் கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்கள். அதிலும் எனக்குப் புகார் இல்லை. இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் திரையைத் துடைக்கிற திரவத்தின் மூடியைத் திறந்தால் அந்தப் பின்னறை அப்படியே மூக்குக்குள் வந்துவிடும். கை நின்றுபோகும். கஸ்டமர் நேரமாகிறது என்பார். அரியமங்கலம் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரை எப்போதாவது பார்க்கிறேன். டப்பா எங்கே என்று கேட்கிறார். காட்டூரில் உருளி மறுபடி அடுப்பில் ஏறிவிட்டது, எட்டுப் பேர் பத்துப் பேராகிவிட்டார்கள், பாட்டில்கள் கப்பலேறிப் போகின்றன. தீபாவளிக்கு ஒன்று என் வீட்டுக்கு வந்தது. தேய்த்துக் குளித்தபோது லேப் ஞாபகம்தான் வந்தது, அழுகையும் கொஞ்சம் வந்தது, எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

மூன்று மெஷின் சேர்ந்தால் வந்திருப்பது யார் என்று சொல்லிவிடும், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல மட்டும் பாட்டில் கழுவுகிறவள்தான் வாயைத் திறக்க வேண்டும்.